பங்கருக்குள் ஒரு சோவியத் விமானி

விமானங்கள் சாகசம் காட்டும் எயர் ஷோ நாட்களில், கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டின் பல்கனிக் கதவை இறுக்கிச் சாத்திவிடுவேன். இந்தமுறை நான் எழும்ப முந்தியே மகள் அதைத் திறந்துவிட்டாள்; ஒரு விமானம் கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது.

இலங்கையில் யுத்தம் முடிகிற மாதங்களில் எனக்கு எட்டு வயது. வன்னியில், மண்ணில் வெட்டின பதுங்குகுழியான பங்கருக்குள் குப்புறப் படுத்திருப்போம். ஈரமண் மூக்கில் ஏறும். குண்டு வெடிக்கையில் காதுச் சவ்வு கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பயம் தெரியாமலிருக்க, பழைய சோவியத் சஞ்சிகையில் வாசித்த சோதனை விமானி ஒருவரின் கதையை அக்கா சொல்லுவாள். யாரும் ஓட்டிப் பார்க்காத விமானங்களை முதன்முதலில் மேலே கொண்டுபோனவர் அவர். நடுவானில் எஞ்சின் தீப்பற்றியும் குதிக்காமல், விமானத்தைப் பத்திரமாக இறக்கினவராம்.

ஒருநாள் குண்டுபோட வந்த விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேல் சுற்றும்போது கேட்டேன்.

"உந்தப் பிளேனும் ரஷ்யாக்காரர் செய்ததோ அக்கா?"

"ஓம்."

"அப்ப அவர் குதிச்சு, அது விழுந்து நொறுங்கியிருந்தா, உது வந்திருக்காதெல்லே?"

அக்கா என் தலையை மண்ணோடு அழுத்திப் பிடித்தாள். பிறகு அந்தக் கதையை அவள் சொல்லவேயில்லை.

பல்கனியில் கைதட்டிக்கொண்டு நின்ற மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் வாயைத் திறந்துகொண்டு நிலத்தில படுத்திருக்கிறீங்கள்?"