ஏசி அறையில் பார்த்த ராக்கெட்

துபாயில், தேரா பகுதிக் கடை ஒன்றில் என் மகள் நிலா கை வைத்தது அட்டைக் குழாய் ராக்கெட் கிட்டின் மேல். நான் வாங்கியதோ ஃபைபர் கிளாஸ் கிட். கனமானது, ஆனால் எங்கள் ராக்கெட் கிளப்பில் எல்லாருடையதையும்விட உயரமாகப் போகும். எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பாலைவனத்துக்குப் போய் ராக்கெட் விட்டோம். அங்கே கிளப்பின் பாதுகாப்பைக் கவனிப்பவர் தூத்துக்குடி நர்ஸ் ஸ்டெல்லா.

"அண்ணே, மேல இருக்க கூம்ப இங்க வச்சு இழுத்துப் பாத்தியளா? ஈசியா கழரணும். இல்லன்னா பாராசூட் வெளிய வராது."

"பாத்தாச்சு சிஸ்டர்."

பொய். வீட்டில் ஏசி அறையில் பார்த்ததோடு சரி.

ராக்கெட் சீறிக்கொண்டு போய்ப் புள்ளியானது. எல்லாரும் கை தட்டினார்கள். பாராசூட் விரியவில்லை.

"தலைக்கு மேல வருது! ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

நிலா கார் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லாதான் பாய்ந்துபோய் அவளை இழுத்தார். அவள் நின்ற இடத்தில் ராக்கெட் மணலுக்குள் இறங்கியது. இறக்கைகள் மட்டும் வெளியே தெரிந்தன. அட்டையாக இருந்தால் நசுங்கியிருக்கும். நான் ஆசைப்பட்டு வாங்கியது ஈட்டி.

தோண்டி எடுத்தோம். ஆடாமல் இருக்கட்டும் என்று கூம்பின் அடியில் நான் சுற்றியிருந்த டேப்பின் பசை, கார் டிக்கியின் சூட்டில் உருகி ஒட்டிப் பிடித்திருந்தது.

நிலா கேட்டாள்: "அப்பா, யூ செக்டு, ரைட்?"

"இல்லம்மா" என்றேன், ஸ்டெல்லா காதுபட.

எனக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. ஆபீஸிலேயே உட்கார்ந்து சோதனைப் படிவத்தின் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுத்தான் சைட்டுக்குக் கிளம்புவேன். வருஷக்கணக்கில் அப்படித்தான். மறுநாள் டூட்டியில் பேனாவைத் தொடாமல், முதலில் மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் ரூமுக்குப் படியேறினேன். கீழே குழந்தைகள் லிஃப்டுக்குள் ஏறும் சத்தம் கேட்டது.