மீனில் தொங்கிய நூல்

சந்தையில் அவளைச் செதிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருக்கும். குளித்தாலும் ஒன்றிரண்டு போகாது. புருஷன் ஆற்றில் வலை போடுவார், இவள் சந்தையில் அறுத்து விற்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. வாய் கத்தியைவிடக் கூர். பேரம் பேச வந்தவன் பேசாமல் வாங்கிக்கொண்டு போவான்.

ஆற்றில் தண்ணீர் வற்றிப்போன வருஷம்தான் சனியன் பிடித்தது. மீனின் துடுப்படியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது, தையல் பிரிந்த நூல் மாதிரி. நகத்தால் கிள்ளினால் அறுந்து வந்தது. யாராவது கேட்டால் வலை நூல் என்று சொல்லிச் சமாளித்தாள். பாவி, கிள்ளியதெல்லாம் புழு மாதிரி ஒன்றின் வால்தான். தலை சதைக்குள் கொக்கி போட்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

தையற்காரரின் மனைவி ஒருநாள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். சாப்பிடும்போது மீன் துண்டுக்குள் இருந்ததாம், கொக்கியும் தலையுமாக.

"நூலுன்னு யார்கிட்டக் கதை விடறே? நான் நூலோடதான் குடித்தனமே பண்றேன்" என்றாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாளே கடையில் ஈதான் மொய்த்தது. மீன்வளத்துறை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இது புழுவே இல்லை, இறால் நண்டு வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி, மீன் ரத்தத்தைத்தான் குடிக்கும், நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், மனுஷனை ஒன்றும் செய்யாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நண்டுக்குச் சொந்தமென்றால் ஒட்டிக்கொண்டு உறிஞ்சத்தானே செய்யும், சொந்தக்காரன் புத்தி அது என்றாள் செதிலக்கா. சந்தையே சிரித்தது. வாங்கத்தான் ஆளில்லை.

கடைசியில் கடை வாசலிலேயே அடுப்பைப் பற்றவைத்து மீனைப் பொரித்தாள். பத்துப் பேர் பார்க்க முதல் துண்டைத் தானே தின்றாள். அடுத்த துண்டைத் தட்டில் வைத்துப் புருஷனிடம் நீட்டினாள். மீனைப் பிடித்தவரே சாப்பிட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், கடை பிழைக்கும் என்பது அவள் கணக்கு. அவர் துண்டை வாய் வரைக்கும் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு தட்டிலேயே வைத்துவிட்டார். கூடியிருந்தவர்கள் ஒரு துண்டுகூட வாங்காமல் கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவள் கத்தவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"இத்தனை காலமா நான் ஆக்கிப் போட்டதை என்ன ஏதுன்னு கேட்காமத்தானே சாப்பிட்டீங்க? என் கைமேல நம்பிக்கை போயிடுச்சா?"

"உன் கையை நம்பாம என்ன? ஆத்தைத்தான் நம்ப முடியலை." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பார்த்ததெல்லாம் நல்ல மீனு. உடம்பெல்லாம் புண்ணா வர்றதைத் தினமும் கரையிலயே குழி தோண்டிப் புதைச்சிட்டுத்தான் வரேன்."

கூடை பாதிதான் வருகிறதே, வலை போட்டீர்களா, படுத்துத் தூங்கினீர்களா என்று அவள் ஏசியபோதெல்லாம் வாய் திறக்காத மனுஷன். செதிலக்கா அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நானும் வரேன். ஒண்டியா எதுக்குப் புதைக்கறீங்க" என்றாள்.