பெட்டிக்குள் போன ஞானஸ்நான ரெஜிஸ்டர்

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வெடி வைத்துவிட்டு வெளியே வந்த ஜெயகரனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அந்தத் தொழிலில் அது லேசுப்பட்ட காரியமில்லை. கர்த்தருடைய கிருபை என்பாள் அவர் மனைவி லூயிசா. கிருபை ஒருபக்கம் இருக்கட்டும், நான் அவசரப்பட்டதில்லை என்பார் இவர். வெடிக்காமல் நின்றுபோன குழியை என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கப் போனவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இவர் தள்ளி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வெடிக்கிற நேரம் முழுக்கத் தாண்டிய பிறகுதான் கிட்டே போவார். அந்தப் பெருமையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவார்.

அப்படிப்பட்டவரை ஊரிகம் கோயில் சபையார் செயலாளர் ஆக்காமல் வேறு யாரை ஆக்குவார்கள்? ஆக்கிய கையோடு ஒரு பெரிய வேலையையும் தலையில் கட்டினார்கள். சபையின் ஞானஸ்நான ரெஜிஸ்டரைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. அறுபது வருஷத்துப் பெயர்கள். பாதிப் பேருக்குப் பிறந்த தேதிக்கு வேறு அத்தாட்சியே கிடையாது. அத்தனையையும் காப்பாற்றியாக வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மேக்ஸ்வெல் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து முன்னறையில் வைத்தான். பத்து விரல் இருந்து என்ன பிரயோஜனம், மனிதர் இரண்டே விரலால் தட்டினார். ஒன்றரை வருஷம் தட்டினார். நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள் உள்ளே போனதும் கமிட்டியார் பழைய ரெஜிஸ்டரை எரிக்கவுமில்லை, குப்பையில் போடவுமில்லை. கிழிந்துபோன வேதாகமத்துக்குச் செய்கிற மரியாதையைச் செய்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, கல்லறைத் தோட்டத்தில் குழிதோண்டி, ஜெபம் பண்ணிப் புதைத்தார்கள். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கரையான் தொடங்கிய வேலையை மண் முடித்திருக்கும்.

தொண்ணூற்றெட்டு கிறிஸ்துமஸுக்கு மேக்ஸ்வெல் பாட்டு சிடி ஒன்று கொண்டுவந்து போட்டான். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு சிவப்புக் கட்டம் வர ஆரம்பித்தது. வைரஸ் இருக்கிறது, அகற்ற முடியவில்லை என்றது. ஜெயகரன் ஓகேயை அமுக்கினார். கட்டம் போய்விட்டது. மறுநாளும் வந்தது, மறுபடியும் அமுக்கினார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? தங்கவயல்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். பூமிக்கடியில் பாறை வெடித்து, ஜன்னல் கண்ணாடி நடுங்கி, அலமாரியில் பாத்திரம் உருண்டாலும் ஒருவரும் சோற்றுத்தட்டை விட்டு எழ மாட்டார்கள். "எந்த ஷாஃப்ட்டோ," என்று சொல்லிவிட்டு லூயிசா ரசத்தை ஊற்றுவாள். எச்சரிக்கை என்பது தினமும் வந்தால் அதுவும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிடுகிறது. நாலு மாசம் அந்தக் கட்டம் கத்தியது. நாலு மாசமும் இவர் அதன் வாயை மூடினார்.

ஏப்ரல் இருபத்துநாலு, சனிக்கிழமை, மேக்ஸ்வெல் போன் செய்தான். அவன் குரலே சரியில்லை.

"டாடி, அந்த செவப்புக் கட்டத்துல இன்னா பேரு போட்டுகீது, படிங்க."

கம்ப்யூட்டரைப் போட்டு, கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அதேதான். திங்கக்கிழமை இருபத்தாறு. அன்னிக்கு அது வெடிக்கும். உள்ள இருக்கறது மொத்தமும் போயிடும். ஃப்ளாப்பியில ஏத்திகினு ஒண்ணுலேந்து ஒண்ணுக்குத் தாவுமாம். நாளைக்கு என்னால வர முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

வெடி என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜெயகரனுக்குப் பயத்தோடு ஒரு தெளிவும் வந்தது. வெடியைப் பற்றி அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கினார். ரெஜிஸ்டரின் நகல் இருந்த மூன்று ஃப்ளாப்பிகளையும் எடுத்தார். நோய் அதில் ஏறித்தானே தாவுகிறதாம்? வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். வீடு முழுக்க நாற்றமெடுத்து லூயிசா திட்டினாள்.

திங்கட்கிழமை ஜூடித் வந்தாள். நர்ஸ். குவைத்துக்கு வேலை கிடைத்திருந்தது.

"அங்கிள், பாஸ்போர்ட்டுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும். புதன்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"இன்னிக்கு ஆகாதும்மா. பெட்டிக்குள்ள வெடி இருக்குது. நாளைக்குக் காலையில வா, நானே எடுத்துத் தரேன்."

அன்று பகல் முழுக்க அவர் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது துணி போர்த்திக் கிடந்தது. பேச்சு இல்லை, மூச்சு இல்லை. துடைப்பத்தை எடுத்த லூயிசா முன்னறையைக் கூட்டாமலே திரும்பிவிட்டாள். ராத்திரி பன்னிரண்டு தாண்டியது. எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் ஜூடித் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ஜெயகரன் முகம் கழுவி, சட்டை மாற்றி, பிளக்கைச் சொருகினார். சிவப்புக் கட்டம் வந்தது. "உன் நேரம் முடிஞ்சிபோச்சுடா," என்று சிரித்துக்கொண்டே ஓகேயை அமுக்கினார். ரெஜிஸ்டரைத் திறக்கச் சொடுக்கினார். பெட்டியின் முன்பக்கத்துச் சின்ன விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே எதையோ சுரண்டுகிற மாதிரி சத்தம் வந்தது. பிறகு எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டார், மறுபடி போட்டார்.

"பரவால்ல அங்கிள், வக்கீல்கிட்ட அஃபிடவிட் போட்டுக்கறேன்," என்று ஜூடித் எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தான்.

"டாடி, இது செத்துகினு இருந்துது. ஆஃப்ல இருந்தா இதோட கடிகாரம் பின்தங்கிடும். நீங்க பிளக்கைப் புடுங்கினது சனிக்கிழமை. நீங்க திரும்பப் போட்டப்ப இதுக்குள்ள இன்னும் திங்கக்கிழமைதான். அதான் வெடிச்சிடுச்சு."

ஜெயகரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷம் பிசகாமல் ஓடியது. தன் கையிலிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, வெடிக்குள் என்ன நேரம் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இனி சபையாருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது? அவமானத்தில் தலை குனிந்து உட்கார்ந்தார்.

மேக்ஸ்வெல் டீ குடிக்க வெளியே போனதும் லூயிசா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஆர்தர் பேரும் போயிடுச்சா?"

அவர் நிமிர்ந்தார். அறுபத்தொன்பதில் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பிறந்து, பாதிரி ஐயர் தம்ளரில் தண்ணீர் வாங்கி ஞானஸ்நானம் கொடுத்து, இரண்டாம் நாளே போய்விட்ட மூத்த பிள்ளை. போட்டோ கிடையாது. கல்லறைக்குக் கல் கிடையாது. அந்த வரியைத் தட்டியதும் அவர் அன்றைய வேலையை நிறுத்திவிட்டார். அவளுக்கு ஞாபகப்படுத்தக் கூடாது என்று அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும் அதுல இருக்குதுன்னு?"

"வருஷா வருஷம் அவன் பொறந்த நாளன்னிக்குக் சாவி வச்சிருக்கற கோயில் குட்டியார்கிட்ட கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்துட்டு வருவேன். கையால தொட்டுட்டு வருவேன்."

"அப்ப அதைப் பொதைக்கும்போது ஏன் சும்மா நின்ன?"

"நீங்கதான பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குதுன்னு சொன்னீங்க," என்றாள் லூயிசா.