ஆறு ஸ்க்ரூ

ஃப்ரீசர் கம்பெனி லைனில் எனக்கு ஒரே வேலைதான். கதவில் ஆறு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். வெளியே யார் கேட்டாலும், "ஃப்ரீசர் செய்கிறேன்" என்று சொல்லித் திரிந்தேன்.

சுங்குவார்சத்திரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஸ்டெல்லா அக்கா. பீரோ போல நிற்கும் பழைய ஃப்ரீசரில் மீன் வைத்து விற்றுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"தம்பி, உள்ள ஒரே ஐஸா கட்டிக்கினு கீது. கதவே மூடல. மெக்கானிக்கு நாளைக்குத்தான் வருவாராம். நீதான் இதெல்லாம் செய்றவனாச்சே, கொஞ்சம் பாரேன்."

சுவிட்சை அணைத்து ஐஸ் உருகும்வரை காத்திருந்தால் போதும். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஐஸைக் குத்திப் பெயர்த்தேன். 'உஸ்' என்று சத்தம் வந்தது. தட்டுக்கு அடியில் ஓடும் குழாய் ஓட்டையாகி, கேஸ் எல்லாம் போய்விட்டது.

"கம்ப்ரசர் போயிட்டுக்கா, பழசுல்லா," என்றேன்.

சாயங்காலம், உருகிய மீனில் குழம்பு வைத்து முதல் கிண்ணத்தை எனக்குத்தான் கொண்டுவந்தார். "லீவு நாள்ல உன்ன கஷ்டப்படுத்திட்டேன். சாப்டு." உண்மையைச் சொல்லத் திறக்காத வாய் சோற்றுக்குத் திறந்தது.

மறுநாள் வந்த மெக்கானிக் ஓட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"டியூப்பு போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸே வர்றதில்ல."

அக்கா என் பக்கம் திரும்பி, "நீ அப்பவே சொன்னியே, பழசுன்னு," என்றார்.

அக்கா இப்போது மீன் விற்பதில்லை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம், ஸ்க்ரூ முடுக்குகிறேன் என்றே சொல்கிறேன். அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.