எல்லையம்மாவுக்குச் சீயக்காய்

அனந்தராமனுக்கு மனுஷர்களைக் கண்டால் ஆகாது. பழைய கற்களைக் கண்டால்தான் முகம் மலரும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, ஞாயிறு விடிந்தால் மந்தைவெளி வீட்டை விட்டுத் துணிப்பையும் குடையுமாகக் கிளம்பிவிடுவார். எவனும் எட்டிப் பார்க்காத பூங்கா, கால்வாய்க்கரை மண்டபம், வெள்ளைக்காரன் கல்லறை என்று ஒரு சுற்று. போகிற இடமெல்லாம் சண்டை. சீட்டாடுகிறவனோடு, ஆடு கட்டுகிறவனோடு, போஸ்டர் ஒட்டுகிறவனோடு. மனைவி ஜானு ஒரே தடவை கூடப் போய்விட்டு, இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று திரும்பிவிட்டாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பூங்கா. அதன் மூலையில், கோட்டை எத்தனை மைல் என்று வெட்டிய பழைய மைல்கல் ஒன்று நின்றது. அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்பது அவர் நினைப்பு. பூங்கா வாசலில் பூ விற்கும் புஷ்பமோ, அதற்கு எப்போதோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எல்லையம்மா என்று பேரும் வைத்துவிட்டாள்.

"இது சாமி இல்லடி, மைல்கல்! மஞ்சளை அப்பி அப்பி எழுத்தே தெரியாம பண்ணிண்டிருக்கியே!"

"இன்னா, டீ போட்டுப் பேசுறே? எங்காத்தாவைக் கல்லுன்றியா? வாய் கோணிக்கும் உனுக்கு!"

வாராவாரம் இதே கூத்து. கல்லில் கைவைக்க மட்டும் அவள் விடவில்லை.

தொண்ணூற்று நாலு வாக்கில் பூங்காவில் நடைபாதை போட ஆள் வந்தது. பாதை நேராகக் கல்லைப் பார்த்து வந்தது. எழுத்து தெரிந்தால் எந்த மடையனும் கல்லைத் தொடமாட்டான், மஞ்சளுக்குள் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

அந்த ஞாயிறு புஷ்பம் பாலவாக்கத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவருக்கு நல்லதாய்ப் போயிற்று. சீயக்காயும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து, முழங்கால் கடுக்கக் கடுக்கத் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு போய், எழுத்து பளிச்சென்று வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை அவர்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கல் மூன்று துண்டாகக் கிடந்தது.

"எந்தக் கடன்காரன்டா உடைச்சது?"

மேஸ்திரி கங்காதரன் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னான். "இன்னா சார் கத்துறே? மஞ்சா, குங்குமம் இருந்துச்சு, சாமிக் கல்லாச்சேன்னு பாதையையே வளைச்சுப் போடறதா இருந்தோம். காலைல பாத்தா மொட்டைக் கல்லா கீது. சாமியை வேற எடத்துக்கு எட்த்துனு பூட்டாங்கன்னு கடப்பாரையப் போட்டோம்."

"எழுத்து இருந்ததே, கண்ணு தெரியலையா?"

"எழுத்து எல்லாத்துலயுந்தான் கீது சார். அதுக்கெல்லாம் பயந்தா வேலை ஓடுமா?"

பின்னாலேயே வந்து நின்ற புஷ்பம் துண்டுகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கழுவியே கொன்னுட்டியே, பாவி!" என்று காறித் துப்பினாள். யாருக்கும் ஒரு சொல் பாக்கி வைக்காத மனுஷன், குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது பூஜை அலமாரியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துப் பையில் போட்டார்.

"எந்தக் கோவிலுக்கு?" என்றாள் ஜானு.

"உன் வேலையைப் பாரு."

கால்வாய்க் கரையில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த இன்னொரு மைல்கல் இருந்தது. எழுத்து தெளிவாக, சுத்தமாக நின்றது. அனந்தராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஊரையே திட்டிக்கொண்டு, அந்த எழுத்தின் மேல் மஞ்சளை அப்பினார்.