லொறி என்னைத் தொடவில்லை

மாத்தளை ஆஸ்பத்திரியின் நடைக்கூடத்தில் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தபடி என் வலது பாதத்தைப் பார்த்தேன். அது வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நேராக்க முயன்றேன்; அது நான் சொன்னதைக் கேட்கவில்லை. இடது காலைவிடக் கட்டையாகவும் தெரிந்தது. டொக்டர் வருவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. தொடையெலும்பு முறிந்திருந்தது.

நான் தோட்டத்து டிஸ்பென்சர் (தோட்ட மருந்தகத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர்). மரத்திலிருந்து விழுந்தவர்கள், பாறையில் சறுக்கியவர்கள் என்று இப்படிப் பாதம் சாய்ந்த எத்தனையோ பேரை இதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் இங்கே எப்படிக் கிடந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களில் யாராவது இப்போது காலில் பாரம் கட்டிப் படுத்திருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. என் ஊர் வடமராட்சி. மனைவி பூரணமும் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே இருந்தார்கள். மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையில், ரப்பரும் கொக்கோவும் விளைந்த ஒரு தோட்டத்தில் நான் தனியாக இருந்தேன். மலைமேல் இருந்த டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) வாகனம் ஏறாது. அதற்காகத் தோட்டம் எனக்கு ஒரு பெண்குதிரை கொடுத்திருந்தது. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை அதற்கு டெய்சி என்று பெயர் வைத்தாராம். லயத்துத் தொழிலாளர்களின் பேச்சில் அது தேசி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் தேசி என்றால் எலுமிச்சை. இதைச் சொன்னபோது பூரணம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஒரு டிவிஷனிலிருந்து மற்றதற்குப் போக யாழ்ப்பாண வீதியில் சிறிது தூரம் போக வேண்டும். அன்று காலை தேசிமேல் போகையில் பின்னால் ஒரு லொறி வந்தது. வெறும் பீப்பாய்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் முதலில் கேட்டது. தேசியின் காதுகள் பின்பக்கம் மடிந்தன. ஓரமாக ஒதுங்கி, மெதுவாக வரும்படி கையை உயர்த்திக் காட்டினேன். லொறி வேகம் குறையாமல் நெருங்கி, நீளமாக ஹோன் அடித்தது. தேசி பக்கவாட்டில் பாய்ந்தது. மதகுச் சுவரில் என் கால் மோதிய சத்தத்தைக் கேட்டேன். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

லொறி என்னைத் தொடவில்லை. குதிரையையும் தொடவில்லை.

சாரதி நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மாத்தளையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், பெயர் சரீப். வீதியில் போனவர்களைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி லொறியில் கிடத்தியவரும் அவர்தான். தேசி தன்பாட்டில் தோட்டத்துக்கு ஓடிவிட்டது. குதிரைக்காரர் மாரிமுத்து பிறகு என்னிடம் சொன்னார்: "வெறும் சேணத்தோட வந்து நின்னுச்சுங்க ஐயா. அப்பவே எங்களுக்கு நெஞ்சு விட்டுப் போச்சு."

தொடையில் பெரிய தசைகள் இருக்கின்றன. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி, முறிந்த இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடும். கால் கட்டையாவது அதனால்தான். அதைத் தடுக்க முழங்காலுக்குக் கீழே எலும்பினூடாக ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள் (இதற்கு இழுவை என்று பெயர்). எலும்பு ஒட்டும்வரை மல்லாந்தே கிடக்க வேண்டும். புரளக் கூடாது. முதுகில் படுக்கைப் புண் வராமலிருக்க மிஸி (தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) தினமும் கையை நுழைத்து ஸ்பிரிட் தேய்த்துவிடுவார். ஒரு நாளில் என்னைத் தொடும் மனிதக் கை அது ஒன்றுதான்.

பொலிஸ்காரர் வந்தார். லொறி உங்களை மோதியதா என்று கேட்டார். இல்லை என்றேன். குதிரையை மோதியதா? இல்லை. அப்படியானால் நீங்கள் விழுந்தீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வார்டில் நான் குதிரையிலிருந்து விழுந்த மாத்தயா (சிங்களத்தில் ஐயா). அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் வீதி இல்லை, லொறி இல்லை, நான் உயர்த்திய கையும் இல்லை.

பூரணம் ரயிலில் வந்தாள். எனக்குத் தலைவாரிவிட்டாள், நகம் வெட்டினாள், கட்டிலருகே உட்கார்ந்து எடைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை அயலவர் வீட்டில் விட்டிருந்தாள். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தது.

"நான் நிக்கட்டே?" என்றாள்.

"போட்டு வாரும். எனக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம்."

அவள் வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டாள். யாழ்ப்பாணப் பக்கம் போகும் வாகனங்களின் சத்தம் என் கட்டிலுக்குக் கேட்கும். அது வீட்டுக்குப் போகும் வீதி என்பதை அதன்பிறகு மறக்க முடியவில்லை.

கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடித்தது. குளிரும் காய்ச்சலும் வந்தன. பெனிசிலின் ஊசி போட்டார்கள். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டால் (எலும்பு அழற்சி) காலை எடுக்க வேண்டி வரலாம். டொக்டர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதே இடத்தில்தான் சொல்லாமல் விடுவேன். பக்கத்துக் கட்டில்காரர் நிம்மதியாகத் தூங்கினார். அவருக்கும் அதே கம்பி, அதே சீழ். நான் தூங்கவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை ஒவ்வொரு தடவையும் துணியை அவிழ்க்கும்போது மிஸியின் முகத்தைத்தான் பார்ப்பேன், காயத்தைப் பார்க்க மாட்டேன்.

சரீப் வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ தொழுகை முடிந்து, தொப்பியோடு வருவார். தோடம்பழம் (ஆரஞ்சு) வைத்துவிட்டுக் கால்மாட்டில் நிற்பார். எனக்கு அவரோடு பேச விருப்பமில்லை. ஆனால் பூரணம் போன பிறகு அந்தக் கட்டிலுக்கு வந்த மனிதர் வேறு எவருமில்லை. ஒருநாள் அவரே தொடங்கினார்.

"ஐயா, நான் ஒங்கள்ல முட்டல்ல தானே."

"முட்டேல்லை."

"ஹோன் அடிச்சது நீங்க ஒதுங்கத்தான். பைசிக்கிள்காரருக்கும் அப்படித்தான் அடிக்கிற. நடந்து போறவங்களுக்கும் அப்படித்தான்."

"நான் ஒதுங்கித்தானே நிண்டன். கையும் காட்டினன்."

"காட்டினதக் கண்டேன் ஐயா. என்னப் போகச் செல்றீங்க எண்டு நெனச்சேன்."

நான் எத்தனையோ நாட்களாக அவர்மேல் கோபத்தை வளர்த்து வைத்திருந்தேன். மெதுவாக வா என்று உயர்த்திய கையை, போ என்று அவர் வாசித்திருக்கிறார். கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. அது போன பிறகு, அது எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று தெரிந்தது.

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கோணும்?" என்றார்.

"குதிரைக்கு ஹோன் விளங்காது. ஏதோ ஒண்டு பின்னால பாயுது எண்டுதான் நினைக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைச்சுப் பின்னால வரவேணும். இடம் கிடைச்சா நல்லா விலத்தி, மெதுவாப் போகவேணும். அது துள்ளினா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இருக்கவேணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது அடங்கும் வரைக்கும்."

"லொறிக்காரனுக்கு அது பெரிய நேரம், ஐயா."

"இஞ்ச கிடக்கிறதைவிடச் சின்ன நேரம்."

அவர் எடைக்கல்லைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எலும்பு ஒட்டியது. கம்பியை எடுத்தார்கள், ஊன்றுகோல், பிறகு கைத்தடி. வலது கால் ஒரு விரல் அகலம் கட்டையாகிவிட்டது. சப்பாத்தின் அடியில் தோல் வைத்துத் தைத்துக்கொண்டேன். தோட்டத்தில் எல்லோரும் "சுகமாயிடுச்சா ஐயா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். படுத்திருக்கும்போது இருக்கும் தனிமையை எல்லோரும் அறிவார்கள். எழுந்து நடமாடும்போது வரும் தனிமையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

மேல் டிவிஷன்களுக்கு மறுபடி போக முடிந்தால்தான் வேலை என்று இப்போதைய துரை பக்குவமாகச் சொன்னார். அதற்கு அந்த வீதியில் போக வேண்டும். நான் வீதிக்கு இறங்கி, ஒரு பஸ்ஸின் இரைச்சல் கேட்டதும் ஓரத்து வடிகானுக்குள் இறங்கி நின்றேன். பஸ் போன பிறகும் மறுபடி வீதிக்கு ஏற முடியவில்லை. திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படித்தான். தேசியும் மிரளும், அதைப் பழக்க வேண்டும் என்று மாரிமுத்துவிடம் சொன்னேன். என்னைப் பழக்க வேண்டும் என்று சொல்லக் கூச்சமாயிருந்தது. சரீப்புக்கு ஆள் அனுப்பினேன்.

ஞாயிறு காலை அவர் வெறும் லொறியோடு வந்தார். தோட்டத்துப் பாதை வீதியைத் தொடும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தேசி போய் முன்பக்கத்தை முகர்ந்தது. பிறகு அவர் லொறியைத் தூரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஓரத்தில் நின்றேன். லொறி தவழ்வதுபோல், வீதியின் மறுகரையை ஒட்டி வந்தது. ஹோன் இல்லை. தேசியின் ஒரு காது மட்டும் திரும்பியது. பிறகு குனிந்து புல்லைக் கடித்தது.

கடிவாளத்தை நழுவவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்திருந்தது.

"அது மறந்திருச்சுங்க ஐயா," என்றார் மாரிமுத்து, தேசியின் கழுத்தைத் தடவியபடி.

"ஓம்," என்றேன். அதுவரைக்கும் இந்தப் பயத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருப்பதாக எண்ணியிருந்தேன்.

சரீப் எங்களைக் கடந்து சற்றுத் தூரத்தில் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வரவில்லை, கூப்பிடவும் இல்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி, நான் எழும்பும்வரை அப்படியே இருந்தார். அன்று லொறி பலமுறை என்னைக் கடந்தது. கடைசித் தடவை நான் நின்றபடியே இருந்தேன்.

பிறகு நான் குதிரையில் ஏறவில்லை. மருந்துப் பெட்டியைத் தேசியின்மேல் கட்டி, பக்கத்தில் நடந்தேன். முன்பு காலையில் முடியும் வேலை பின்னேரம் வரை இழுத்தது. துரை அதைப் பார்த்தும் வேலையை எடுக்கவில்லை. சரீப்பின் லொறி அந்த வழியால் வந்தால், எனக்குப் பின்னால் அது வேகம் குறைவது என் காலடி நிலத்தின் அதிர்வில் தெரியும்.

அந்த வருட லீவுக்கு ஊருக்குப் போனேன். பூரணத்தோடு சந்தைக்கு நடந்துகொண்டிருந்தேன். நேரான வீதி, இரு புறமும் பனை. நான் சட்டென்று ஓரத்துக்கு இறங்கி நின்றேன்.

"ஏனப்பா நிண்டிட்டியள்?"

"வாகனம் வருது."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க? ஒண்டையும் காணேல்லையே."

வீதியின் நடுவில் கையில் பையோடு நின்று என்னையே பார்த்தாள். கட்டையான காலின் தொடைக்குள், எலும்பு ஒட்டிய இடத்தில், இரைச்சல் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வாகனம் இன்னும் வராத நேரத்தில் அவள் நின்றாள். நான் அது வந்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் போய்விட்டிருந்தேன். என்ன பேசினாலும் அவளுக்கு அது விளங்காது. அது அவள் குறையுமல்ல.

நெடுநேரம் கழித்துப் பனைகளுக்கு அப்பால் பஸ் தெரிந்தது. அவள் ஓரத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். பஸ் கடந்து போயிற்று. புழுதி அடங்கியது. பூரணம் நடக்கத் தொடங்கினாள். சத்தம் என் காலைவிட்டு முழுவதும் போகும்வரை நான் நின்றேன். சற்றுத் தூரம் போன பிறகுதான் அவள் நான் பக்கத்தில் இல்லாததைக் கண்டு, திரும்பி, வெயிலில் காத்து நின்றாள்.