சுவரில் மாட்டிய தம்பி

இந்த நாட்டில் வோட்டுப் போடாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். வந்த புதிதில் இதைக் கேட்டு வாயைப் பிளந்தவள் நான். தேர்தல் என்றால் ஊரடங்கு, சந்திக்குச் சந்தி துவக்கோடு ஆமிக்காரன் என்று பழகியவளுக்கு வேறெப்படி இருக்கும்? இங்கே மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் பள்ளிக்கூட முற்றத்தில் சொசேஜ் பொரித்துப் பாண் துண்டில் வைத்து விற்கிறார்கள். சனங்கள் நாய்களையும் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஊரில் போலப் பெருக்கல் குறி கீறிப் புள்ளடி போடுவதும் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகளுக்குள் இலக்கம் எழுத வேண்டும். கண்ணில் காட்டக்கூடாத ஆளுக்கும் ஓர் இலக்கம். ஒருமுறை வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம், என் தம்பி நோர்வேயில் அரசியல்வாதி என்று பெருமையடித்தேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "எங்களுடைய பக்கம்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு நாயைத் தடவினாள்.

தம்பி நேசன் எனக்கு ஆறு வயது இளையவன். எண்பத்தேழில் நான் மெல்பேர்னுக்கு வந்தேன். அடுத்த வருடம் அவன் நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன்பிடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊர். தொழிற்சாலையில் மீன் வெட்டி வெட்டி விரல் மடங்காமல் போய்விட்டது என்று எழுதுவான். பிறகு ஒரு வான் வாங்கிக் கட்டடங்கள் துப்புரவாக்கும் தொழிலைத் தொடங்கினான். பத்துப் பேருக்கு வேலை கொடுத்தான். அதோடு அந்த ஊர்ப் பழமைவாதக் கட்சியில் சேர்ந்தும்விட்டான். எங்கள் ஆட்களெல்லாம் தொழிலாளர் கட்சியில்தானே என்று கேட்டேன். "அக்கா, அவை எனக்கு உதவி செய்ய வந்தவை. இவை என்னோட வியாபாரம் செய்ய வந்தவை" என்றான். என்ன கெட்டித்தனம் பாருங்கள் என்று அதையும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் நகரசபைத் தேர்தலுக்கு அவன் பெயர் பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம்: கட்சிப் பட்டியலில் விருப்பமான பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போடலாம், புள்ளடி கூடினால் அடியில் கிடக்கிறவன் மேலே வருவான். இது போதாதா எனக்கு? போன் கார்ட்டும் கையுமாகக் குசினிக் கதிரையில் இருந்து, அந்த ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் எடுத்தேன். "எங்கட பொடியன் நிக்கிறான். நேசன்ர பேருக்குப் புள்ளடி போடுங்கோ, வேற ஒண்டும் பாக்க வேண்டாம்." அவர்களும் வேறொன்றும் பார்க்கவில்லை. கட்சி என்ன சொல்கிறது என்று ஒரு சீவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திராது. தம்பி வென்றான். நாலு வருடத்தில் மறுபடி வென்று, ஒரு குழுவுக்குத் தலைவரும் ஆனான். படம் பத்திரிகையில் வந்தால் வெட்டி அனுப்பு என்று கட்டளை போட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அனுப்பினான்.

கடைசியாக வந்தது இந்த வருடம். நீலக் கழுத்துப்பட்டியோடு, கையை நீட்டிப் பேசுகிறான். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. சட்டகம் போட்டு, நான் பிரஜாவுரிமை எடுத்த நாளில் நகரசபை தந்த மரக்கன்றோடு நிற்கிற படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படம் துடைக்கிற துணியால் அதையும் துடைத்தேன்.

அதே நேரம் எங்கள் தங்கையின் மகள் வாசுகி, சண்டைக்குத் தப்பி நோர்வே போய்ச் சேர்ந்து, மலைகளுக்கு நடுவில் ஓர் அகதி முகாமில் தனியே கிடந்தாள். தாயும் தகப்பனும் வன்னிச் சண்டையிலேயே செத்துப்போனார்கள். நேசனின் ஊரில் புது முகாம் ஒன்று திறக்கிற பேச்சு இருந்தது. திறந்தால் மாமாவுக்குக் கிட்ட மாற்றித் தரும்படி கேட்கலாம் என்று அந்தப் பிள்ளை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டபோதெல்லாம் அவன் "பாப்பம் பிள்ளை" என்றானாம். பிறகு, ஊர் மறுத்துவிட்டது என்றான். "மாமா எவ்வளவு கதைச்சிருப்பான், அந்தச் சனம்தான் விடேல்லை" என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

ஆவணியில் நேசனின் மகள் மாயா விடுமுறைக்கு வந்தாள். பத்தொன்பது வயது. தோள்பையை இறக்க முதலே சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "மாமி, why would you hang this?"

"ஏன், உன்ர அப்பா வடிவா இல்லையே?"

"வாசிச்சனீங்களா?" என்று கேட்டாள். பிறகு மெல்ல, தடக்கித் தடக்கிப் படத்துக்குக் கீழே இருந்ததைத் தமிழில் சொன்னாள்: "இந்த முகாம் எங்கட ஊருக்கு வேண்டாம். நான் உழைச்சு இந்த இடத்துக்கு வந்தனான். வாறவை எல்லாரும் அப்பிடி இல்லை. அப்பா சொல்றார்."

ஐயோ! இதையா நான் சாமித் துணியால் துடைத்தேன்! அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மாயா பார்த்திருக்கவே போனை எடுத்தேன்.

"வாசுகி உனக்கு ஆரடா? உன்ர தங்கச்சி பெத்த பிள்ளை!" என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. "நான் மறைக்கேல்லை அக்கா. பேப்பரை அனுப்பினனான்தானே. எனக்கு வோட்டுக் கேட்டுத் தந்தனீ, ஓம். நான் என்ன சொல்றன் எண்டு ஒருநாளாவது கேட்டனியோ?"

"இதைச் சொல்லவோ உனக்கு வோட்டு?"

அவன் கேட்டான்: "எங்கட கப்பலை மறிச்ச வருசம் நீ ஆருக்குப் போட்டனீ?"

இரண்டாயிரத்து ஒன்றில், கடலில் தாழப்போன அகதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு நோர்வேக் கப்பல் இந்த நாட்டுக் கடலுக்கு வந்தது. இறங்க விடவில்லை. "வெட்கமில்லையே உங்கட அரசாங்கத்துக்கு?" என்று அன்று போனில் கொதித்தவன் இதே நேசன். நானும் ஓம் ஓம் என்று கண்ணீர் விட்டேன். ஒருசில மாதத்தில் தேர்தல் வந்தது. சொசேஜ் மணக்கிற அதே முற்றத்தைத் தாண்டிப் போய், கப்பலை மறித்தவர்களுக்கே ஒன்று என்று எழுதினேன். நாங்கள் படிவம் நிரப்பி ஒழுங்காக வந்தவர்கள், எல்லாரும் அப்படியா என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். கணவருக்குக்கூடச் சொல்லாத விசயம். அங்கே இப்போது என்ன நேரம் என்று அவனிடம் கேட்டேன். அவன் போனை வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசுகி போன் எடுத்தாள். மாமாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பெரியம்மா, அப்ப நான் உங்கட நாட்டுக்கு வர ஏலாதோ? அங்கத்தைய சனம் நல்லம் எண்டு சொல்லுவீங்களே."

"பாப்பம் பிள்ளை" என்றேன். அச்சொட்டாக நேசனின் குரல்.

சட்டகத்தை இறக்கத்தான் கதிரையில் ஏறினேன். பக்கத்தில் மரக்கன்றோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவனை இறக்கினால் என்னையும் இறக்க வேண்டும். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.